பையை வைத்துக் கொண்டவருக்குப் பத்து வருஷமா?
போதைப்பொருள் சட்டம் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



சென்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு படித்து முடித்து, டீ வந்த நேரம். ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து நின்றார். "மேடம், எங்க குழுவுல ரெண்டு வீட்டுல கஞ்சா கேஸ் ஆகிப்போச்சு. ரெண்டு பேரையும் நீக்கிடலாம்னு இருக்கோம். இல்லன்னா பேங்க்ல எங்க பேரும் கெட்டுடும். தீர்மானப் புத்தகத்துல எப்படி எழுதணும்னு சொல்லுங்க" என்றார்.

கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது. நீக்கப்பட வேண்டியவர்களில் ஒருவர் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் வரவே இல்லை.

அந்த இடத்திலேயே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. "சட்டம் என்ன சொல்லுதுன்னு விசாரிச்சிட்டு வர்றோம், அதுவரைக்கும் எழுதாதீங்க" என்று மட்டும் கேட்டுக் கொண்டோம். அதன்பின் சட்ட உதவி வழக்கறிஞர்களிடம் உட்கார்ந்து கேட்டோம். சட்டப் புத்தகத்தையும் புரட்டினோம். தெரிந்து கொண்டதை இந்த இதழில் எல்லோரோடும் பகிர்ந்து கொள்கிறோம்.

இரண்டு வீடுகளில் நடந்தது என்ன?

முதல் வீடு. ஒரு அக்காவின் மகனுக்கு 19 வயது. இரவில் நண்பர்களோடு நின்றபோது பிடிபட்டான். அவன் பாக்கெட்டில் இருந்தது 120 கிராம் கஞ்சா. மறுநாள் கோர்ட், அப்புறம் காலாப்பட்டு சிறை. "பத்து வருஷம் உள்ள போயிடுவான், 40,000 கொடுத்தா கேஸை சின்னதாக்கித் தர்றேன்" என்று ஒரு இடைத்தரகர் வீடு தேடி வந்தார். அக்கா குழுவில் உள்கடன் கேட்டார். காரணம், கூரை ஓட்டை. கடன் கொடுத்த கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தவரிடம் "என்னக்கா ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்காமல், கையெழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தோம். பணம் வாங்கியவரின் போன் அடுத்த வாரமே அணைந்து போனது.

இரண்டாவது வீடு. கணவர் இல்லாமல் தையல் மிஷினை வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சகோதரி. தெருவில் பழகிய ஒரு பையன், "அண்ணி, இந்தப் பை ரெண்டு நாள் இருக்கட்டும்" என்று வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கச் சொல்லி 500 ரூபாயும் தந்தான். இரண்டாவது நாள் போலீஸ் வந்தது. பையில் இருந்தது 6 கிலோ கஞ்சா. அந்தச் சகோதரி ஏழு வாரம் சிறையில் இருந்தார். இப்போது ஜாமீனில் இருக்கிறார். வழக்கு நடக்கிறது.

குடித்தவன் முதல் வீட்டில். குடிக்காதவர், விற்காதவர் இரண்டாவது வீட்டில். யாருக்குத் தண்டனை கூடுதலாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் பையனைத்தான் சொன்னார்கள். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது.

சாராய கேஸ் மாதிரி இல்லை

நம் புதுச்சேரியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. இங்கே சாராயக்கடை, கள்ளுக்கடை, ஒயின்ஷாப் எல்லாம் அரசு உரிமத்தோடு நடப்பவை. அதே பாட்டில் கனகசெட்டிக்குளத்தைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அங்கே மதுவிலக்கு வழக்கு. இதைப் பார்த்துப் பார்த்து, "ஃபைன் கட்டினா ஆச்சு, கஞ்சாவும் அப்படித்தானே" என்று பலரும் நினைக்கிறோம்.

அப்படி இல்லை. மது பற்றிய சட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே போட்டுக் கொள்கிறது. கஞ்சா, ஹெராயின், போதை மாத்திரை ஆகியவற்றுக்கு நாடு முழுவதும் ஒரே சட்டம். முத்தியால்பேட்டையிலும் அதுதான், விழுப்புரத்திலும் அதுதான். அதன் பெயர் போதை மருந்துகள் மற்றும் உளவெறிப் பொருட்கள் சட்டம், 1985. போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் இதை 'என்டிபிஎஸ்' என்று சுருக்கிச் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் எந்தத் தாளிலாவது இந்த நான்கெழுத்து இருந்தால், அது சாதாரண வழக்கு இல்லை என்று உடனே புரிந்து கொள்ளுங்கள்.

"எங்க தாத்தா காலத்துல கஞ்சாவைக் கடையிலயே வித்தாங்களே" என்று வயதான அம்மாக்கள் சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். இந்தியாவின் பல பகுதிகளில் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்ற காலம் இருந்தது. 1961-ல் உலக நாடுகள் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் செய்தன. மருத்துவத் தேவைக்கு அல்லாத கஞ்சாப் பழக்கத்தை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்துவதாக அதில் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கெடு முடியும் நேரத்தில், 1985 நவம்பர் 14 அன்று இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1989, 2001, 2014 ஆகிய ஆண்டுகளில் முக்கியத் திருத்தங்கள் நடந்தன.

எடைதான் தண்டனையைத் தீர்மானிக்கிறது

2001 திருத்தத்துக்குப் பின் இந்தச் சட்டத்தின் அச்சாணி ஒன்றே ஒன்றுதான்: எடை. பிடிபட்ட பொருள் எவ்வளவு என்பதைப் பொறுத்து மூன்று படிகள் உண்டு. சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு.

கஞ்சா: 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு.
ஹெராயின்: 5 கிராம் வரை சிறிய அளவு. 250 கிராமுக்கு மேல் வணிக அளவு.
கோகெய்ன்: 2 கிராம் வரை சிறிய அளவு. 100 கிராமுக்கு மேல் வணிக அளவு.
மெத்தம்பெட்டமைன் என்ற ரசாயனப் போதைப்பொருள்: 2 கிராம் வரை சிறிய அளவு. 50 கிராமுக்கு மேல் வணிக அளவு.

கடைசி மூன்றையும் கவனியுங்கள். சமையலறையில் ஒரு டீஸ்பூன் உப்பு எடுக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த அளவுக்குள்ளேயே சிறிய அளவு முடிந்து போகிறது. இன்னொன்று, போதைப்பொருளோடு வேறு மாவு எதையாவது கலந்திருந்தால், கலவையின் மொத்த எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. "அதுல பாதி பவுடர்தான்" என்ற வாதம் எடையைக் குறைக்காது.

கஞ்சாவுக்குத் தண்டனை இப்படி:

சிறிய அளவு என்றால் ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
இடைப்பட்ட அளவு என்றால் 10 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.
வணிக அளவு என்றால் 10 வருடத்துக்குக் குறையாமல் 20 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை அபராதம்.

செடி வளர்ப்பதும் குற்றமே. வீட்டுக் கொல்லையில் ஒரு தொட்டியில் வளர்த்தாலும், 10 வருடம் வரை தண்டனை தர சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டாவது முறை அதே குற்றம் செய்தவருக்கு, உச்சபட்ச தண்டனை ஒன்றரை மடங்காகக் கூடும்.

இப்போது அந்த இரண்டு வீட்டையும் பாருங்கள். பையனிடம் இருந்தது 120 கிராம். அதாவது சிறிய அளவு. அதிகபட்சம் ஒரு வருடம். "பத்து வருஷம்" என்று தரகர் சொன்னது பச்சைப் பொய். அந்த அக்கா பயத்தில் கட்டியது 40,000 ரூபாய். தையல்காரச் சகோதரியின் வீட்டில் இருந்தது 6 கிலோ. இடைப்பட்ட அளவு. பத்து வருடம் வரை போகக்கூடியது அவர் வழக்குதான்.

"நான் தொடவே இல்லையே" என்றால்?

சட்டத்தின் 25-ம் பிரிவை எல்லாக் குழுக்களும் கூட்டத்தில் ஒருமுறை சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். வீடு, அறை, இடம், வண்டி எதுவானாலும், அது உங்கள் பொறுப்பில் இருக்கும்போது, தெரிந்தே இன்னொருவர் இந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்த விட்டால், குற்றம் செய்தவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை உங்களுக்கும். சொந்த வீடா, வாடகை வீடா என்ற வித்தியாசம் கிடையாது. உதவி செய்தவர், சேர்ந்து திட்டம் போட்டவர் ஆகியோருக்கு 29-ம் பிரிவு. அதிலும் அதே தண்டனை.

"தெரிந்தே" என்ற சொல்தான் இங்கே உயிர்நாடி. தெரியாமல் நடந்தால் குற்றம் இல்லை. ஆனால் தெரியாது என்பதை யார் நிரூபிப்பது? மற்ற வழக்குகளில் குற்றத்தை முழுக்க முழுக்க அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் 35, 54 ஆகிய பிரிவுகள் அதைக் கொஞ்சம் புரட்டிப் போடுகின்றன. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு முதலில் காட்ட வேண்டும். அதைக் காட்டிவிட்டால், அது அங்கே எப்படி வந்தது, உங்களுக்கு ஏன் தெரியாது என்று விளக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில் விழுகிறது.

அந்தச் சகோதரி எங்களிடம் அழுதுகொண்டே சொன்னது இது: "உள்ள துணி இருக்குன்னுதான் நெனச்சேன் மேடம். வக்கீல் கேக்குறாரு, துணி வைக்கறதுக்கு எதுக்கும்மா 500 ரூபா கொடுத்தான்னு. என்னால பதில் சொல்ல முடியல."

ஆகவே சகோதரிகளே, வாடகை இல்லாத இடத்துக்கு யாராவது வாடகை கொடுத்தால், அங்கே கேள்வி கேளுங்கள். பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால், வைக்க விடாதீர்கள்.

வண்டி, சிம் கார்டு, வங்கிக் கணக்கு

நம் உறுப்பினர்கள் பலர் குழுக் கடனில் ஸ்கூட்டி வாங்கியிருக்கிறோம். ஆர்.சி. புத்தகம் நம் பேரில், ஓட்டுவது மகனோ தம்பியோ. போதைப்பொருள் கடத்தப் பயன்பட்ட வண்டியை 60-ம் பிரிவின்படி பறிமுதல் செய்ய முடியும். தனக்குத் தெரியாமல் நடந்தது, தான் போதிய எச்சரிக்கையோடு இருந்தேன் என்று உரிமையாளர் நிரூபித்தால் வண்டி தப்பும். வழக்கு முடியும் வரை வண்டி ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க வேண்டும் என்பதில்லை. குற்றச்சாட்டு இல்லாத உரிமையாளர் இடைக்காலமாக அதைத் திரும்பக் கேட்கலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. கடன் தவணை மட்டும் வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

சிம் கார்டும் வங்கிக் கணக்கும் அப்படித்தான். "அம்மா, உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு" என்றால், எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். போதைப்பொருள் வியாபாரத்துக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பணம் போட்டவருக்கும், அந்த வியாபாரம் செய்பவருக்கு அடைக்கலம் கொடுத்தவருக்கும் 27-ஏ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. 10 முதல் 20 வருடம் வரை தண்டனை. எனவே நம் குழுவின் உள்கடன் எதற்குப் போகிறது என்று விசாரிப்பதை, அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடுவதாக எடுத்துக் கொள்ளக் கூடாது. கடன் வாங்குபவருக்கும் குழுவுக்கும் அது பாதுகாப்பு.

மாத்திரையும் இதில் அடங்கும்

"கஞ்சா இல்லம்மா, வெறும் மாத்திரைதான்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். மனப்பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் இந்தச் சட்டப் பட்டியலில் உள்ளவை. டிரமடால் என்ற வலி மாத்திரையையும் 2018-ல் சேர்த்தார்கள். மருத்துவர் சீட்டோடு தன் நோய்க்காகச் சாப்பிடுபவர் பயப்பட வேண்டாம், சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். சீட்டு இல்லாமல் அட்டை அட்டையாகப் பையில் இருந்தால்தான் வம்பு. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரையில் எண்ணிக்கை குறைகிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

ஜாமீன் கிடைக்குமா?

சிறிய அளவு, இடைப்பட்ட அளவு வழக்குகளில் ஜாமீன் மனுவை மற்ற வழக்குகளைப் போலவே நீதிமன்றம் பரிசீலிக்கும். வணிக அளவு என்றாலும், 27-ஏ போன்ற சில பிரிவுகள் என்றாலும், 37-ம் பிரிவு குறுக்கே நிற்கும். அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், "இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப இடமிருக்கிறது, வெளியே வந்தாலும் செய்ய மாட்டார்" என்று நீதிபதிக்குத் தோன்றினால் மட்டுமே ஜாமீன். இது மிகக் கடினம். வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகை போட 180 நாள் வரை அவகாசம் உண்டு. தகுந்த காரணம் காட்டினால் நீதிமன்றம் அதை ஒரு வருடம் வரை நீட்டிக்கலாம். ஆந்திர-ஒடிசா எல்லை மலைப்பகுதியிலிருந்து ரயிலில் "ஒரு பெட்டியை மட்டும் கொண்டு வா" என்று பெண்களைக் கேட்பதுண்டு. அந்தப் பெட்டியில் இருபது கிலோவுக்கு மேல் இருந்தால், கிடைக்கும் சில ஆயிரத்துக்கு விலை பத்து வருடம்.

சோதனை, கைது: நமக்கு உள்ள உரிமைகள்

கடுமையான சட்டம் என்பதால், அதிகாரிகளுக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

ஒன்று. பெண்ணின் உடலைப் பெண்தான் சோதிக்க வேண்டும். இது சட்டத்தில் எழுதப்பட்ட விதி.

இரண்டு. உடல் சோதனைக்கு முன், "மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னால் சோதனை வேண்டுமா?" என்று கேட்டு, அந்த உரிமையை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இது 50-ம் பிரிவு. ஆனால் கையில் இருக்கும் பையைச் சோதிக்க இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மூன்று. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்குத் தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்து உதிக்கும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

நான்கு. படிக்காத தாளில், எழுதாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். பறிமுதல் மகசரில் எடை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்தச் சட்டத்தில் எடைதான் எல்லாம் என்று மேலே பார்த்தோம்.

வாக்குமூலம் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்பு நம் பக்கத்திலிருந்தே வந்தது. 2004-ல் சென்னையில் ஐந்து கிலோவுக்கு மேல் ஹெராயின் பிடிபட்ட வழக்கு. துஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்று அதற்குப் பெயர். அதிகாரிகளிடம் அவர் கொடுத்த வாக்குமூலம் செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்று 2020 அக்டோபர் 29 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தனர். மிரட்டி வாங்கிய ஒரு தாளை வைத்து வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஐந்து. இலவச வழக்கறிஞர். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. பெண் என்றால் வருமானச் சான்று கூடத் தேவையில்லை. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தில் நேரில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். முதல் வீட்டுப் பையனுக்கு ஜாமீன் வாங்கித் தந்தவர் இப்படி வந்த வழக்கறிஞர்தான். ஒரு பைசா செலவில்லை. 40,000 ரூபாய் போன பிறகுதான் அந்த அக்காவுக்கு இந்த விவரம் தெரிந்தது. முன்பே சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

பழக்கத்துக்கு அடிமையானவனுக்குச் சட்டம் திறந்து வைத்த கதவு

பலருக்கும் தெரியாத பிரிவு 64-ஏ. போதைப் பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் மேல், பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு இருக்கிறது. அவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக் கொண்டால், அந்தக் குற்றத்துக்கு அவர் மேல் வழக்கு நடத்தக் கூடாது என்கிறது இந்தப் பிரிவு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றுவிடலாம். குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 39-ம் பிரிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

விற்றவனுக்கு இந்தக் கதவு கிடையாது. நோயாளிக்கு மட்டும்தான். அடிமையானவனை ஒரு நோயாளியாகவும் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, நாம் மட்டும் "குடும்பத்தோட ஒதுக்கி வை" என்று சொல்வது சரியா?

கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறையில் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ஒரே நாளில் மாறிவிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். விடுவதும் மறுபடி தொடுவதும் இந்த நோயின் குணம்.

பிள்ளைகளை வைத்து வியாபாரம்

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் பொட்டலம் கொடுத்து அனுப்பினால் போலீஸ் பிடிக்காது என்று வியாபாரிகள் கணக்குப் போடுகிறார்கள். 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் இதற்குத் தனித் தண்டனை வைத்திருக்கிறது. பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தாலும், பிள்ளையை வைத்து விற்றாலும் கடத்தினாலும் 7 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிடிபட்ட பிள்ளையைச் சிறைக்கு அனுப்ப முடியாது. சிறார் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும்.

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டைப் பகுதியில் ஒன்பது வயதுச் சிறுமிக்கு நடந்த கொடுமையை நாம் யாரும் மறக்கவில்லை. அன்று தெருவில் இறங்கிய பெண்கள் அந்தக் குழந்தைக்கு நீதி கேட்டார்கள். கஞ்சாப் புழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற குரலும் அதோடு சேர்ந்து எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு வாரக் கோபத்தால் வியாபாரம் நிற்காது. தெருவில் எந்த வீட்டில் பை வைக்க இடம் கிடைக்கிறது என்பதைத்தான் வியாபாரி பார்க்கிறான். பெரும்பாலும் அது வருமானம் குறைந்த, கேள்வி கேட்க ஆள் இல்லாத ஒரு பெண்ணின் வீடாக இருக்கிறது.

தகவல் சொன்னால் ஆபத்தா?

விற்பனை நடப்பது தெரிந்தால் 1933 என்ற எண்ணில் தகவல் சொல்லலாம். 2024 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய உதவி எண் இது. அவசரம் என்றால் 112. தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 68-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் குழாயடிச் சண்டைக்குப் பழி வாங்கப் பொய்த் தகவல் கொடுக்காதீர்கள். வேண்டுமென்றே பொய் சொல்லிச் சோதனையோ கைதோ நடக்க வைத்தவருக்கு 2 வருடம் வரை சிறை உண்டு.

அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று?

இவ்வளவையும் தெரிந்து கொண்டு அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போனோம். வராமல் இருந்த தையல்காரச் சகோதரியையும் இரண்டு உறுப்பினர்கள் போய் அழைத்து வந்தார்கள். இரண்டரை மணி நேரம் பேசினோம். வாக்குவாதமும் நடந்தது. "நாளைக்கு என் வீட்டுலயும் ஒருத்தன் பை வைக்க வந்தா, நான் யார்கிட்ட வந்து கேப்பேன்? குழுவ விட்டா யாரு இருக்கா?" என்று ஒரு வயதான அம்மா கேட்டார். அதற்குப் பிறகு நீக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை.

தீர்மானப் புத்தகத்தில் எழுதியது இதுதான். இருவரும் உறுப்பினராகத் தொடர்வார்கள். கூரைக்கு என்று பொய்க் காரணம் சொல்லி வாங்கிய 40,000 ரூபாயை அந்த அக்கா திருப்பிக் கட்ட வேண்டும், தவணை மட்டும் சிறியதாக்கப்படும். தையல்காரச் சகோதரி வழக்குத் தேதிகளுக்குப் போகும்போது ஒரு உறுப்பினர் துணைக்குப் போவார். தெரிந்தே வியாபாரம் செய்யும் யாருக்கும் இனிக் குழுவில் இடமில்லை. இந்த நான்காவது வரியும் ஒருமனதாக நிறைவேறியது.

அந்தப் பையன் சிகிச்சைக்குப் போகிறான். இரண்டு முறை போகாமல் விட்டுவிட்டான், மூன்றாவது முறை அம்மாவே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சகோதரியின் வழக்கில் என்ன தீர்ப்பு வரும் என்று நமக்குத் தெரியாது. 500 ரூபாய்க்கு அவர் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 26 உலக போதைப்பொருள் எதிர்ப்பு நாள். அன்று ஊர்வலம் போவோம், உறுதிமொழி எடுப்போம். அதற்கு முன், உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரையில் 25-ம் பிரிவும் 64-ஏ பிரிவும் உள்ள பகுதிகளை யாராவது ஒருவர் வாசிக்கட்டும். கேட்டுக் கொண்டிருப்பவர்களில் யாராவது தலை குனிந்தால், கூட்டம் முடிந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "என்னக்கா ஆச்சு?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.